எழுதியவர் போன பிறகும் தொடரும் கதை: வானொலித் தொடர் ஒன்றைச் செய்யும் வழி

2001 மே 11 அன்று கலிபோர்னியாவில் டக்ளஸ் ஆடம்ஸ் மாரடைப்பில் இறந்தபோது அவருக்கு வயது 49. 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி' என்ற அவருடைய சிரிப்பு விஞ்ஞானக் கதை 1978 மார்ச் 8 அன்று பி.பி.சி. ரேடியோ 4-ல் நாடகமாகத்தான் பிறந்தது. புத்தகமானது அதற்குப் பிறகு. புத்தகங்கள் ஐந்து வந்துவிட்டன. வானொலித் தொடரோ 1980-ல் 12 பகுதிகளோடு நின்றுபோயிருந்தது. மீதிக் கதையை அவர் இல்லாமலே எடுத்து முடித்தார்கள். 2004, 2005-ல் 14 பகுதிகள், 2018-ல் இன்னும் 6. ஆக மொத்தம் 32. அவர் மறைவுக்குப் பின் வந்த இருபதையும் இயக்கியவர் டர்க் மேக்ஸ்.

கதையின் தொடக்கத்தைக் கோவில்பட்டிக்காரருக்கு விளக்க வேண்டிய அவசியமே இல்லை. புறவழிச்சாலை போடுவதற்காக ஆர்தர் டென்ட் என்பவரின் வீட்டை இடிக்க வருகிறார்கள். அதே நாளில், அண்டவெளியில் ஒரு புறவழிப் பாதை போடுவதற்காகப் பூமியையே இடிக்க வேற்றுலக அதிகாரிகள் வருகிறார்கள். ஆட்சேபம் இருந்தால் முன்பே மனு கொடுத்திருக்க வேண்டும் என்கிறார்கள். நான்குவழிச் சாலைக்கு நிலம் கொடுத்துவிட்டுத் தாலுகா ஆபீஸ் படி ஏறி இறங்கியவர்களுக்கு இது விஞ்ஞானக் கதையாகவே தெரியாது.

இதை இங்கே எடுத்துப் பேசக் காரணம் உண்டு. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் கதைக்குப் பஞ்சம் வந்ததில்லை. இடைசெவல் என்ற ஒரே ஊர் கி. ராஜநாராயணனையும் கு. அழகிரிசாமியையும் கொடுத்தது. பூமணி, சோ. தர்மன், கோணங்கி என்று அந்த வரிசை நீள்கிறது. காதால் கேட்டு வளர்ந்த பூமியும் இதுதான். திருநெல்வேலி வானொலி 1963-ல் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் இலங்கை வானொலி இந்தப் பக்கமெல்லாம் தெளிவாகக் கேட்டது. 'கோமாளிகளின் கும்மாளம்' போன்ற இலங்கைத் தமிழ் நகைச்சுவைத் தொடர்களைக் கடல் தாண்டி இங்கே கேட்டுச் சிரித்தவர்கள் ஏராளம். 2021 மே 17 அன்று கி.ரா. மறைந்தார். சொன்னவர் இல்லை, கதை இருக்கிறது. ஒரு கல்லூரி நாடகக் குழுவோ சமுதாய வானொலியோ மறைந்த எழுத்தாளர் ஒருவரின் தொடரை எடுத்துச் செய்ய நினைத்தால் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? ஆடம்ஸ் தொடரில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நகைச்சுவைத் தொடரில் சம்பவம் இரண்டாம் பட்சம்தான். சொல்கிறவனின் குரல்தான் முதல். கீழே வருகிற வேலைகள் எல்லாமே அந்தக் குரலைச் சேதாரமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கான வேலைகள்.

1. உரிமையாளரிடம் போய்க் கேளுங்கள்

இந்தியச் சட்டப்படி ஓர் எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து, அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. 2021-ல் மறைந்தவரின் எழுத்துக்கு 2081 டிசம்பர் வரை. நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்து என்றால் அனுமதி கேட்கும் வேலை இல்லை. புதுமைப்பித்தன் கதைகளைத் தாராளமாக எடுக்கலாம். மற்றவர்களுக்கு வாரிசுகளின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும்.

சம்மதக் கடிதத்தில் மூன்று விஷயங்கள் தனித்தனியாக இருக்க வேண்டும். முதலாவது, கதையை நாடகமாக மாற்றும் உரிமை. இரண்டாவது, அதை ஒலிபரப்பும் உரிமை; இணையத்தில் ஏற்றுவதானால் அதையும் சேர்த்து எழுத வேண்டும். மூன்றாவது, அவருடைய பாத்திரங்களை வைத்து அவர் எழுதாத ஒன்றைச் சேர்க்கும் உரிமை. கடைசியதை வாய்ப்பேச்சில் விட்டால்தான் பின்னால் மனஸ்தாபம் வரும்.

ஒலிபரப்பு உரிமை என்பது புத்தக உரிமையிலிருந்து வேறானது என்பதற்குக் கோவில்பட்டிக்குப் பக்கத்திலேயே பெரிய சாட்சி இருக்கிறது. எட்டயபுரத்தில் பிறந்த பாரதியின் பாடல்களை இசைத்தட்டிலும் வானொலியிலும் பயன்படுத்தும் உரிமை, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. ஊரே பாடுகிற பாட்டுக்கு ஒருவரிடம் போய் உரிமை கேட்பதா என்ற கிளர்ச்சி எழுந்தது. 1949-ல் அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. மெய்யப்பச் செட்டியாரும் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார்.

ஆடம்ஸ் விஷயத்தில் அவர் மனைவி ஜேன் பெல்சனின் சம்மதம் இருந்தது. ஆறாவது நாவலை எழுத அயர்லாந்து எழுத்தாளர் ஓவன் கோல்ஃபருக்கும் அவர்தான் அனுமதி கொடுத்தார். 2009-ல் வந்த அந்த நாவல்தான் 2018 வானொலித் தொடருக்கு அடிப்படை.

2. அவர் விட்டுப்போனதை எல்லாம் ஓரிடத்தில் சேருங்கள்

எழுதத் தொடங்குவதற்கு முன் சேகரம். அச்சான நூல்கள் மட்டும் போதாது. பேட்டிகள், மேடைப் பேச்சின் ஒலிப்பதிவுகள், கடிதங்கள், கையெழுத்துப் பிரதியில் அடித்துவிட்ட பகுதிகள், நண்பர்களிடம் சொல்லி எழுதாமல் விட்ட கதைகள் என்று எல்லாம் வேண்டும். இந்தக் கதையை இப்படிச் செய்யலாம் என்று எப்போதாவது சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். அது பிறகு நூறு சண்டையைத் தீர்த்துவைக்கும்.

மேக்ஸும் ஆடம்ஸும் மீதிக் கதையை வானொலிக்குக் கொண்டுவருவதைப் பற்றி 1993-லேயே பேசியவர்கள். அப்போது காரியம் கைகூடவில்லை. ஆனால் அந்தப் பேச்சில் ஆடம்ஸ் ஓர் ஆசையைச் சொல்லியிருந்தார். மூன்றாவது நாவலில் அக்ரஜாக் என்று ஒரு பிராணி வரும். எந்தப் பிறவி எடுத்தாலும் அறியாமலே ஆர்தர் கையால் செத்துப்போகும் துரதிர்ஷ்டசாலி. அந்த வேஷத்தைத் தானே நடிக்க வேண்டும் என்பது ஆடம்ஸின் விருப்பம். அவர் தன் நாவலை வாசித்துப் பதிவு செய்த ஒலிப்புத்தகம் இருந்தது. அதிலிருந்து அக்ரஜாக்கின் வசனங்களை வெட்டி எடுத்து, ஆர்தராக நடித்த சைமன் ஜோன்ஸை அதற்குப் பதில் பேசவைத்தார்கள். 2004-ல் ஒலிபரப்பானபோது, இறந்து மூன்று ஆண்டுகள் ஆன ஆசிரியர் தன் கதாநாயகனைப் பார்த்து, என்னை ஏன் கொன்றுகொண்டே இருக்கிறாய் என்று சண்டை போட்டார்.

இதைச் சாதித்தது தொழில்நுட்பம் இல்லை. யாரோ பத்திரப்படுத்தி வைத்த ஒலிப்பதிவும், யாரோ நினைவில் வைத்திருந்த பேச்சும்தான். ஆகவே முதல் மாதத்தைச் சேகரத்துக்கே ஒதுக்குங்கள். ஊர் ஊராகப் போய் நாட்டார் கதைகளையும் வட்டார வழக்குச் சொற்களையும் சேர்த்த கி.ரா.வின் பூமியில் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

3. முரண் பட்டியல் போடுங்கள்

தொடர் எழுதுகிறவர்கள் தங்கள் கதையையே மறப்பார்கள். முதல் கதையில் செத்தவர் நாலாம் கதையில் கடைக்குப் போவார். ஒரு நோட்டில் பாத்திரம், வயது, உறவுமுறை, கடைசியாக எங்கே விட்டோம் என்பதைக் கட்டம் போட்டு எழுதுங்கள்.

ஆடம்ஸ் முரணைப் பற்றிக் கவலைப்படாதவர். வானொலியில் ஒரு விதமாகவும் புத்தகத்தில் வேறு விதமாகவும் தொலைக்காட்சியில் இன்னொரு விதமாகவும் கதையைச் சொன்னார். 1980 வானொலித் தொடர் முடிந்த இடத்துக்கும் 1982-ல் வந்த மூன்றாவது நாவல் தொடங்கும் இடத்துக்கும் ஒட்டே இல்லை. மேக்ஸ் என்ன செய்தார்? இரண்டாம் தொடரில் நடந்தவற்றில் பெரும்பகுதி ஸாஃபோட் என்ற பாத்திரத்தின் மனப்பிரமை என்று, இன்னொரு பாத்திரம் அவனிடமே சொல்லுவதாக வைத்தார். இரண்டு வரி வசனத்தில் பாலம் போட்டாயிற்று. சொன்ன விதமும் கதைக்கே உரிய கிண்டலோடு இருந்ததால் கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே தாண்டிப்போனார்கள்.

முரணைத் தீர்க்கப் புதிதாக ஒரு முழுக்காட்சி எழுத ஆசை வரும். எழுதாதீர்கள். இரண்டு வரியில் முடியாத முரண் என்றால் பெரும்பாலும் அதைத் தீர்க்காமல் விடுவதே நல்லது.

4. கிளைக்கதைகளுக்கு முதலில் வண்ணம் தீட்டுங்கள்

நாவலைக் கையில் எடுத்துப் பக்கம் பக்கமாக வாசியுங்கள். சம்பவம் நகரும் இடத்துக்கு நீலப் பென்சில். சம்பவத்தை விட்டுவிட்டு ஆசிரியர் வேறெங்கோ போய் மேயும் இடத்துக்குச் சிவப்புப் பென்சில். பிறகு நீலத்தை வெட்டத் தொடங்குங்கள். சிவப்பில் கைவைக்க யோசியுங்கள்.

சாதாரணமாக நாடகமாக்குகிறவர்கள் இதைத் தலைகீழாகத்தான் செய்வார்கள். நேரம் போதாது என்று கிளைக்கதையைத் தூக்கிவிட்டுச் சம்பவத்தை ஓட்டுவார்கள். நகைச்சுவைத் தொடர் அங்கேயே செத்துவிடும். ஆடம்ஸின் கதையில் 'கைடு' என்று ஒரு மின்னணுப் புத்தகம் உண்டு. எல்லோரும் உயிருக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது அது குறுக்கே வந்து, அண்டவெளிப் பயணிக்குத் துண்டு ஏன் அவசியம் என்று நிதானமாக விளக்கும். அந்தக் குறுக்கீட்டுக்காகத்தான் ஜனங்கள் வானொலியைத் திருகினார்கள். கரிசல் கதைசொல்லிகளும் அப்படித்தான். கல்யாணத்துக்குப் புறப்பட்டவன் கதையில், அவன் கட்டியிருந்த வேட்டி நெய்த ஊர், அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் ருசி, அதைக் குடித்துப் பேச்சு நின்றுபோன ஒருத்தர் என்று சுற்றிவிட்டுத்தான் பந்திக்கு வருவார்கள்.

ஆகவே கதைசொல்லியை ஒரு பாத்திரமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் அவருக்கு இத்தனை நிமிடம் என்று முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள்.

5. பகுதி பிரியுங்கள்

அரைமணி நேரப் பகுதி என்றால் அறிவிப்பும் இசையும் போக 26, 27 நிமிடங்கள் கிடைக்கும். மூன்றாவது நாவலை மேக்ஸ் ஆறு பகுதியாகவும், நான்காவதையும் ஐந்தாவதையும் நான்கு நான்காகவும் பிரித்தார். மூன்றாவதில் சம்பவ நெரிசல் அதிகம், அதனால் ஆறு. பக்க எண்ணிக்கையை வைத்துப் பகுதி பிரிக்காதீர்கள். வாய்விட்டு வாசித்துக் கடிகாரத்தைப் பார்த்துப் பிரியுங்கள். அச்சில் ஒரு மூச்சில் ஓடுகிற பத்தி, நிறுத்தி நிதானமாகச் சொன்னால் இரண்டு நிமிடம் பிடிக்கும்.

ஒவ்வொரு பகுதியும் முடியும் இடத்தில் ஒரு கேள்வி தொங்க வேண்டும். பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது என்றால் எழுத்தாளரே 'தொடரும்' போட்ட இடங்கள் இருக்கும்; முதலில் அவற்றைப் பாருங்கள். அவர் அறியாமல் எதையும் அங்கே தொங்கவிட்டிருக்க மாட்டார்.

6. பார்த்ததைக் கேட்டதாக்குங்கள்

இதுதான் நிஜமான உழைப்பு. பயிற்சிக்காக நாமே ஒரு கதையை வைத்துக்கொள்வோம். மானாவாரிப் பிஞ்சையில் வேற்றுக்கிரக விண்கலம் இறங்கிவிடுகிறது. ஐப்பசி மாதம், மழை பெய்து ஓய்ந்த மறுநாள். கரிசல் மண்ணின் களி தண்ணீரைக் குடித்து உப்பும். கோடையில் சுருங்கிக் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஈரத்தில் இறங்கிய விண்கலம் எழும்ப முடியாமல் நிற்கிறது. கதையில் இப்படி எழுதியிருக்கிறது என்று வையுங்கள்:

விண்கலத்தின் மூன்று கால்களும் முழங்கால் ஆழம் புதைந்திருந்தன. முத்தையா அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, தட்டிப் பார்த்து, இதற்கு இரண்டு ஜோடி மாடு பற்றாது என்று தீர்மானித்தார். சீனிக்குச் சிரிப்பு வந்தது.

கேட்பவருக்கு விண்கலமும் தெரியாது, சேறும் தெரியாது, சிரிப்பும் தெரியாது. வானொலிக்கு இப்படி ஆகும்:

கதைசொல்லி: பல கோடி மைல் தாண்டி வருகிறவர்கள் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் வந்தார்கள். காற்றழுத்தம், வெப்பம், ஈர்ப்பு விசை, எல்லாம். ஐப்பசி மாதம் கரிசலில் கால் வைக்கக்கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

(சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி வைக்கும் ஓசை, நாலு எட்டு. நிற்கிறது. தகரத்தை விரலால் சுண்டும் ஓசை. ஒரு வினாடி மௌனம்.)

முத்தையா: ஏலே சீனி, இதுக்கு ரெண்டு சோடி மாடு காணாதுடா.

சீனி: சித்தப்பா, இது ஆகாசத்துல பறக்குறது. மாட்ட வச்சு என்ன செய்ய?

முத்தையா: பறக்குறதா இருந்தா பறந்துருக்கும்லா? நம்ம பிஞ்சையில எதுக்கு மொழங்கால் போட்டு நிக்கி?

(உள்ளிருந்து ஒரு குரல், மிக மரியாதையாக.)

குரல்: ஐயா, இந்த மண் எப்போது காயும்?

முத்தையா: வெயில் அடிச்சா நாலு நாளு. அடைமழை பிடிச்சிருச்சுன்னா தை மாசம். சாப்பிட்டீங்களா?

பாருங்கள், 'புதைந்திருந்தது' என்று யாரும் சொல்லவில்லை. காலைப் பிடுங்கும் ஓசையும் 'மொழங்கால் போட்டு' என்ற பேச்சும் அதைச் சொல்லிவிட்டன. விண்கலத்தின் பளபளப்பைத் தகரத்தைச் சுண்டும் ஓசை எடுத்துக்கொண்டது. சீனியின் சிரிப்பு கேட்பவரிடம் போய்விட்டது. 'அதோ பார் சித்தப்பா, பெரிய விண்கலம் சேற்றில் மாட்டியிருக்கிறது' என்று எழுதினால் அது கண் தெரியாதவருக்கு வழிகாட்டும் வசனமாகிவிடும்; சிரிப்பு வராது.

வட்டாரப் பேச்சில் கவனம் தேவை. பாத்திரம் பேசுவது கரிசல் பேச்சாக இருக்கட்டும். கதைசொல்லியின் மொழி எப்படி என்பதை மூல எழுத்தாளர் ஏற்கெனவே தீர்மானித்திருப்பார், அதை மாற்றாதீர்கள். எழுத்தாளர் 'காணாது' என்று எழுதியிருந்தால் சென்னைக்காரருக்குப் புரியாதே என்று 'போதாது' ஆக்க வேண்டாம். அடுத்த வசனம் புரியவைத்துவிடும்.

7. குரல் தேடுங்கள்

பழைய குழுவில் இருப்பவர்கள் இருந்தால் முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள். 1978-ல் ஆர்தராகப் பேசிய சைமன் ஜோன்ஸ் 2018-லும் ஆர்தராகப் பேசினார். நாற்பது வருஷம் கழித்தும் கேட்டவர்களுக்கு உறுத்தவில்லை. முகத்தைப்போல் குரல் அவ்வளவு சீக்கிரம் கிழடு தட்டுவதில்லை.

இல்லாதவர்களுக்கு என்ன செய்வது? 'கைடு' புத்தகத்தின் குரலாக இருந்த பீட்டர் ஜோன்ஸ் 2000-ல் இறந்துவிட்டார். மேக்ஸ் அவரைப்போல் பேசிக்காட்டும் மிமிக்ரிக் கலைஞரைத் தேடவில்லை. வில்லியம் ஃபிராங்க்ளின் என்ற மூத்த நடிகரை அவருடைய சொந்தக் குரலிலேயே பேசவைத்தார். பீட்டர் ஜோன்ஸிடம் இருந்த நிதானமும், எந்த அபத்தத்தையும் ஆச்சரியப்படாமல் சொல்லும் தோரணையும் ஃபிராங்க்ளினிடமும் இருந்தன. ஃபிராங்க்ளினும் 2006-ல் போனார். 2018-ல் அந்த இடத்துக்கு ஜான் லாயிட் வந்தார். முதல் தொடரின் கடைசி இரண்டு பகுதிகளை ஆடம்ஸோடு சேர்ந்து எழுதியவர் அவர். அதே தொடரில் 'கைடு' புத்தகத்தின் புதிய பதிப்புக்கு ஸ்டீபன் ஹாக்கிங் குரல் கொடுத்தார். முதல் பகுதி ஒலிபரப்பாகி ஆறு நாளில் ஹாக்கிங் மறைந்தார்.

மாற்றுக் குரல் தேடும்போது ஒலியின் சாயலை விட்டுவிட்டுக் குணத்தின் சாயலைப் பாருங்கள். சுஜாதாவின் எந்திர நாய் ஜீனோவுக்கு ஆள் தேடுவதாக வையுங்கள். கீச்சுக்குரல் உள்ளவர் வேண்டியதில்லை. எல்லாம் தெரிந்தும் அடக்கமாகப் பேசுகிறவர் வேண்டும். எந்திரத் தன்மையைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு வழியும் உண்டு. கதையில் ஒரு தொழில்காரர் வந்தால் அந்தத் தொழில்காரரையே பேசவைப்பது. ஆடம்ஸின் மூன்றாவது நாவலில் லார்ட்ஸ் மைதானத்தில் கிரிக்கெட் நடக்கும்போது வேற்றுக்கிரக ரோபோக்கள் வந்து இறங்கும். அந்தக் காட்சிக்கு நிஜமான வர்ணனையாளர்களான ஹென்றி புளோஃபெல்டையும் ஃபிரெட் ட்ரூமனையும் பேசவைத்தார் மேக்ஸ். உலகம் அழிவதைக்கூட வழக்கமான வர்ணனைக் குரலில் அவர்கள் சொன்னதுதான் சிரிப்பு. ஹாக்கி ஊரான கோவில்பட்டியில் ஒரு ஹாக்கி வர்ணனையாளரைத் தேடிப்பிடிப்பது கஷ்டமில்லை. மழை வர்ணிக்கச் சம்சாரியும், பஸ் நேரம் சொல்ல நேரக்காப்பாளரும் இருக்கிறார்கள்.

8. பதிவு செய்யுங்கள்

ஸ்டுடியோ இல்லையென்றால் ஜன்னல் குறைந்த அறை போதும். சுவரைச் சுற்றிப் பஞ்சு மெத்தைகளைச் சாய்த்து, தரையில் ஜமக்காளம் விரித்தால் எதிரொலி அடங்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். மதியத்தில் பதிந்தால் தெருச் சத்தம் குறைவு; வியர்வைக்குத் துண்டு கொடுத்துவிடலாம்.

சண்டையும் சிரிப்புமாக ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசும் காட்சிகளில் நடிகர்களைச் சேர்த்து நிறுத்துங்கள். குரலில் மாற்றம் செய்ய வேண்டிய எந்திரம், பேய், தொலைபேசி ஆகியவற்றைத் தனி மைக்கில் தனியே பதியுங்கள். இல்லையென்றால் பக்கத்தில் நின்றவரின் குரலும் எந்திரமாகிவிடும். பார்வையாளர்களை உட்காரவைத்துச் சிரிப்பொலியோடு பதிவது அந்தக் காலத்து பி.பி.சி. நகைச்சுவை வழக்கம். ஆடம்ஸ் தொடர் முதலிலிருந்தே அதைக் கைவிட்டது. பின்னணி ஓசைகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட நாடகத்தில் கைதட்டலுக்கு இடமில்லை.

ஓசைகளுக்கு இணையத்தில் தேடி அலையாமல் ஊரிலேயே பதியுங்கள். காய்ந்த சோளத்தட்டையை மடக்கினால் ஏதோ பெரிதாக முறிகிற ஓசை கிடைக்கும். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் சலசலப்பை வேகம் குறைத்தால் கோடிக்கணக்கான பூச்சிகள் நடந்து வருவதாகத் தோன்றும். ஆலைச் சங்கை நீட்டினால் விண்கலம் புறப்படும். கிடைமறித்த ஆடுகள் விடியலில் அசைபோடுவதைப் பதிந்து வைத்துக்கொண்டால் அதை எந்தக் கிரகத்திலும் போடலாம்.

ஒலித்தொகுப்புக்கு ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதும். முதலில் வசனம் மட்டும் அடுக்கி, மௌனங்களைச் சரி செய்யுங்கள். நகைச்சுவையின் உயிர் அந்த அரை வினாடி மௌனத்தில் இருக்கிறது. அது சரியான பிறகே ஓசை, கடைசியாக இசை. இசையை முதலில் போட்டுவிட்டால் தொய்வு எங்கே என்று காதுக்குப் பிடிபடாது.

9. முடிவில் கைவைக்கலாமா?

ஆடம்ஸின் ஐந்தாவது நாவல் 1992-ல் வந்தது. எல்லாப் பிரபஞ்சத்திலும் உள்ள எல்லாப் பூமியும் அழிய, முக்கியப் பாத்திரங்களும் அதோடு போய்ச் சேருவதாக முடியும். வாசகர்களுக்கு மனசு ஆறவில்லை. அது சோர்வான காலத்தில் எழுதியது, நல்லவிதமாக முடிக்க இன்னொரு நாவல் எழுத வேண்டும் என்று ஆடம்ஸே பிறகு சொல்லியிருந்தார். எழுதாமலே போய்விட்டார்.

2005 ஜூனில் ஒலிபரப்பான கடைசிப் பகுதியில் மேக்ஸ் நாவலின் அழிவை மறைக்கவில்லை. அதைத் தாண்டி, பாத்திரங்கள் தப்பித்துப் பிரபஞ்சத்தின் முடிவில் உள்ள உணவகத்தில் மறுபடி சந்திப்பதாக ஒரு முடிவைச் சேர்த்தார். அதற்குத் தேவையான பொருட்களை வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. காதில் போட்டால் எந்த மொழியும் புரியவைக்கும் மீன், பூமி அழியுமுன் தப்பிப் போன டால்பின்கள், அந்த உணவகம், எல்லாமே ஆடம்ஸ் ஏற்கெனவே படைத்தவை.

இதிலிருந்து மூன்று விதிகள் கிடைக்கின்றன. எழுத்தாளர் தன் வாயால் அதிருப்தி தெரிவித்த முடிவை மட்டும் தொடலாம். மூல முடிவை அழிக்காமல் அதன் பின்னால் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கான சரக்கை அவருடைய கதைகளிலிருந்தே எடுக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் கையை எடுத்துவிடுங்கள். சோகமாக முடிந்த கதை சோகமாகவே முடியட்டும்.

10. யார் எழுதியது என்று அறிவியுங்கள்

2010-ல் வந்த 'எந்திரன்' படத்தின் வசனப் பணி நடந்துகொண்டிருந்தபோதே, 2008 பிப்ரவரி 27 அன்று சுஜாதா மறைந்தார். படத்தில் வசனம் என்று சுஜாதா, ஷங்கர், மதன் கார்க்கி மூவர் பெயரும் வந்தன. அதுதான் ஒழுங்கு. வானொலியில் எழுத்து ஓடாது. ஆகையால் அறிவிப்பாளர் வாயால் சொல்ல வேண்டும். மூலக்கதை இன்னார், வானொலி வடிவம் இன்னார், கடைசிக் காட்சியில் சேர்த்தது இன்னார் என்று ஒவ்வொரு பகுதியிலும் சொல்லிவிடுங்கள். சேர்த்ததை மறைத்தால், நாளைக்கு ஒரு மாணவர் அதை மூல எழுத்தாளரின் வரியென்று ஆய்வேட்டில் எழுதுவார்.

ஒலிபரப்புக்கு வழி தேடுவது கடைசி வேலை. அகில இந்திய வானொலி நிலையத்துக்கு எழுத்துவடிவத்தோடு மாதிரிப் பதிவையும் அனுப்புங்கள். சமுதாய வானொலி இன்னொரு வாசல். 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எப்.எம். தொடங்கியபோது கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் இருந்த அனுமதி, 2006 முதல் தொண்டு நிறுவனங்களுக்கும் கிடைக்கிறது. அவற்றின் எல்லை பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் என்றாலும், கரிசல் கதையைக் கேட்டுக் குறை சொல்லத் தகுதியுள்ளவர்கள் அந்தச் சுற்றுக்குள்தான் இருக்கிறார்கள்.

வேலை முடிந்ததும் எல்லா எழுத்துவடிவங்களையும், வெட்டிய காட்சிகளையும், கலக்காத தனித்தனி ஒலிப்பதிவுகளையும் இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஆடம்ஸின் காகிதங்கள் கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி நூலகத்தில் பத்திரமாக இருந்ததால்தான், அவர் வெளியிடாமல் வைத்திருந்த பகுதிகள் சில 2018 தொடரில் இடம்பெற முடிந்தது. நம் பக்கத்து எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிகளும் ஒலிநாடாக்களும் இன்று யார் வீட்டுப் பரணில் இருக்கின்றன என்று விசாரிப்பதை இந்த வாரமே தொடங்கலாம். அனுமதிக் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டாத ஒரே படி அது.